கோடைக்காலக் காய்கறித் தோட்டம்: அன்றாட வேலையும் அறுவடையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் ஒரு வீட்டுத் தோட்டம் செழிப்பதும் சோர்வதும் பெரும்பாலும் காலையில் ஒதுக்கும் அரை மணி நேரத்தைப் பொறுத்தது. அந்த அரை மணியை எதற்குச் செலவிடுவது, எந்தக் காயை எந்தப் பக்குவத்தில் பறிப்பது, எது கெட்டால் ஏன் கெட்டது என்பவற்றைப் பற்றிய கேள்விகள் இங்கே இருக்கின்றன.

காலையில் தோட்டத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை என்ன?

குழாயைத் திறக்காதீர்கள். முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள். இரவில் தெளிந்த செடி தன் உண்மை நிலையைக் காட்டுவது விடிகாலையில்தான். எந்தச் செடி காலையிலேயே தளர்ந்து நிற்கிறது, எந்தக் கொழுந்து தலை தொங்குகிறது, எந்த இலையின் அடியில் புதிதாகப் புள்ளி விழுந்திருக்கிறது என்று கண்ணில் பட வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

அதன் பிறகு இந்த வரிசை: பறிக்க வேண்டியதைப் பறிப்பது, கொடிகளுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பது, பூச்சி பிடித்த இலையைக் கிள்ளி எடுப்பது, கடைசியாகத் தண்ணீர். தண்ணீரைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஈர இலைகளுக்குள் கைவிட்டுக் காய் பறித்தால், பீன்ஸ், தக்காளி போன்றவற்றில் இலைப்புள்ளி, கருகல் நோய்க் கிருமிகள் கையோடு செடிக்குச் செடி பயணம் செய்யும். ஆனால் காலையிலேயே துவண்டு கிடக்கும் செடி இருந்தால் அதற்கு மட்டும் விதிவிலக்கு, உடனே ஊற்றிவிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். நல்ல வெயில் நாளில், இலை மூடிய பாத்தியிலிருந்து மண்ணும் செடியும் சேர்ந்து சுமார் 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை இழக்கும். ஆக, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 7 லிட்டர். காற்று அடித்தால் இன்னும் கூடும்.

இதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதை மண்தான் முடிவு செய்யும். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 லிட்டருக்குக் குறையாமல் ஆழமாகக் கொடுக்கலாம். மணற்பாங்கான மண்ணில் அவ்வளவும் வேரைத் தாண்டி இறங்கிவிடும் என்பதால் தினமும் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து ஓர் ஓரத்தில் கைக்கொத்தால் தோண்டிப் பாருங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை ஈரம் இறங்கியிருந்தால் அளவு சரி. மேலே 3 சென்டிமீட்டர் மட்டும் நனைந்திருந்தால் அது வேரை மேல்மண்ணுக்கு இழுத்து வரும். வெயில் ஏறியதும் முதலில் வேகும் மண் அதுதான். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதுதான் கோடையில் நாம் காணும் மிகப் பெரிய தவறு.

வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் நிற்கும் தண்ணீர் கை சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். முதலில் வரும் அந்தத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஆற வையுங்கள். செடியின் மேல் விடாதீர்கள்.

மதியம் இலைகள் தொங்கிப் போகின்றன. உடனே ஊற்றலாமா?

பூசணி, வெள்ளரி, பீர்க்கு போன்ற அகல இலைக் கொடிகள் மண்ணில் ஈரம் இருக்கும்போதே மதியத்தில் தொங்கும். இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் உறிஞ்ச முடிவதில்லை, அவ்வளவுதான். மாலை ஐந்து, ஆறு மணிக்குத் தானே நிமிர்ந்துவிடும். விரலை 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் மேலும் மேலும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகும்; அழுகிய வேரும் இலையைத் தொங்க வைக்கும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவீர்கள், செடி போய்விடும். விரலில் ஈரமே இல்லையென்றால் மதியமானாலும் தயங்காமல் வேரடியில் ஊற்றுங்கள். நனைந்த இலை வெயிலில் கருகிவிடும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. நண்பகலில் தெளிப்பதில் உள்ள நஷ்டம் ஆவியாகிப் போகும் தண்ணீர்தான்.

மாலையில் ஊற்றுவது தவறா?

தவறில்லை. இலை நனையாமல் வேரடியில் விட்டால் போதும். இரவு முழுதும் நனைந்திருக்கும் இலை பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடும். நத்தைகளும் ஈரமான இரவில்தான் வரும். காலை, மாலை இரண்டும் முடியுமென்றால் காலைதான் மேல்.

தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்களுக்கு என்ன வேறுபாடு?

தரையில் உள்ள வேர் ஆழத்துக்கு ஓடிக் குளிர்ச்சி தேடும். தொட்டியில் ஓட இடமில்லை. அடித்துளையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும் வரை தினமும் ஒருமுறை ஊற்ற வேண்டும். காய்ப்பில் உள்ள தக்காளி, வெள்ளரி என்றால் கடும் வெயிலில் இரண்டு முறை. ஊற்றியதும் மறுகணமே அடியில் ஒழுகினால் மண் நனைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். காய்ந்து சுருங்கிய மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே விழுந்த இடைவெளி வழியே தண்ணீர் ஓடிவிடுகிறது. அப்படிப்பட்ட தொட்டியைப் பெரிய தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அரை மணி நேரம் அமுக்கி வைத்தால் மண் மறுபடி ஊறி உப்பும்.

கறுப்புத் தொட்டியின் மேற்குப் பக்கம் பிற்பகலில் தொட முடியாத அளவு சுடும். அந்தப் பக்கத்து வேர்கள் வெந்துபோவதால்தான் தண்ணீர் இருந்தும் செடி வாடுகிறது. தொட்டிகளை நெருக்கி வையுங்கள். வெளி வரிசைக்கு வெள்ளைத் துணியோ சாக்கோ சுற்றுங்கள். சிமெண்ட் தளமாக இருந்தால் தொட்டிக்கு அடியில் மரக்கட்டையோ செங்கல்லோ கொடுத்துத் தூக்கி வையுங்கள். கத்தரி, தக்காளி போன்றவற்றுக்குக் குறைந்தது 20 லிட்டர் கொள்ளளவு வேண்டும். அதற்குக் குறைந்தால் கோடை முழுதும் நீங்கள் தண்ணீர்க் குடத்தோடுதான் நிற்க வேண்டும்.

மூடாக்கு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

ஆம். கோடையில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் அதைச் செய்யுங்கள். வைக்கோல், காய்ந்த இலைச் சருகு, காயவைத்த புல் எதுவானாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும். நனைந்த மண்ணின் மேல்தான் பரப்ப வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் அடுத்த தூறலைக் கூட மூடாக்கே குடித்துவிடும். தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தண்டடி அழுகும். பச்சைப் புல்லைக் குவியலாகப் போட்டால் அது சூடேறிப் பிசுபிசுக்கும். விதை கட்டிய களையைப் போட்டால் அடுத்த மாதம் அதுவே பாத்தியை நிரப்பும்.

நிழல்வலை எத்தனை சதவீதம்?

கீரைக்கும் நாற்றுக்கும் 50. காய்க்கும் செடிகளுக்கு 30 முதல் 35 போதும். அதற்கு மேல் போனால் செடி நெடுநெடுவென்று வளர்ந்து பூவைக் குறைக்கும். வலையைச் செடியின் தலையில் போர்த்தாமல், காற்று போய்வரும்படி உயரத்தில் கட்டுங்கள். முழுக்க மூட வசதியில்லை என்றால் மேற்குப் பக்கத்தை மட்டும் மறையுங்கள். செடியை வாட்டுவது பிற்பகல் வெயில்தான்.

எல்லாவற்றையும் தினமும் பறிக்க வேண்டுமா?

வெள்ளரி, வெண்டை, சுக்கினி, பீன்ஸ் ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பறிக்க வேண்டும். மற்றவற்றுக்கு வாரம் இரண்டு முறை போதும்.

செடியின் நோக்கம் நமக்குக் காய் தருவதல்ல, விதை முற்ற வைப்பது. இலை மறைவில் ஒரே ஒரு வெள்ளரி மஞ்சளாகும் வரை விடுபட்டுப் போனாலும், கொடி தன் சத்தை அந்த விதைகளுக்குத் திருப்பி, புதுப் பிஞ்சுகளைக் கைவிட ஆரம்பிக்கும். “நன்றாகக் காய்த்த செடி திடீரென்று நின்றுவிட்டது” என்று சொல்பவர்கள் உரத்தைத் தேடுவதற்கு முன் கொடியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். முற்றிய காய் எங்காவது ஒளிந்திருக்கும். சமையலுக்கு ஆகாத முற்றலையும் கட்டாயம் அறுத்தெறியுங்கள். பறிப்பதும் ஒரு பராமரிப்புதான்.

ஒவ்வொரு காய்க்கும் பறிக்கும் பக்குவம் எப்படித் தெரியும்?

வெண்டை: பூ விரிந்த ஐந்தாறு நாளில், விரல் நீளத்தில், அதாவது 7 முதல் 10 சென்டிமீட்டரில் பறிக்கலாம். நீளக் காய் ரகங்கள் சற்றுப் பெரிதாகியும் இளசாக இருக்கும், அதனால் நீளத்தை மட்டும் நம்ப முடியாது. காம்பை நறுக்கும்போது கத்தி வழுக்கிக்கொண்டு போனால் இளசு. நறநறவென்று தடுத்தால் உள்ளே நார் ஓடிவிட்டது. வெண்டைச் செடியின் சுணை தோலில் அரிப்பைக் கிளப்பும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கத்தரி: தோலின் பளபளப்புதான் அளவுகோல். கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். குழி உடனே நிரம்பினால் பறிக்கும் தருணம். குழி விழாமல் கல்லாக இருந்தால் இன்னும் வளர வேண்டும். குழி அப்படியே நின்றால் காலம் கடந்துவிட்டது. தோல் மங்கி, விதை பழுத்து, கசப்பு ஏறியிருக்கும். பெரிதாகட்டும் என்று காத்திருந்து கெடுப்பதுதான் கத்தரியில் அதிகம் நடக்கிறது.

வெள்ளரி: ரகத்தைப் பொறுத்து அளவு மாறும். பொதுவாக ஒரு சாண் நீளத்துக்குள், ஒரே சீரான பச்சையில், அடிமுனை மஞ்சளாவதற்கு முன்.

சுரை, பீர்க்கு, புடலை: நகத்தை லேசாக அழுத்தினால் தோலுக்குள் இறங்க வேண்டும். நகத்தடம் பட்ட காயை அன்றே பறித்துவிடுங்கள். அந்தக் காயம் வழியே அழுகல் நுழையும். புடலை எடையில்லாமல் பஞ்சுபோல் இருந்தால் முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். பாகலில் முகடுகள் புடைத்து, இடையே உள்ள பள்ளம் விரிந்து, நிறம் ஒரு படி வெளுக்கும்போது எடுக்க வேண்டும். நுனியில் மஞ்சள் தெரிந்தால் இரண்டு நாளில் வெடிக்கும்.

பீன்ஸ், காராமணி, கொத்தவரை: விதை வெளியே முண்டு முண்டாகத் தெரிவதற்கு முன். பீன்ஸை மடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். காராமணியில் ஒரே காம்பில் அடுத்த பூக்கள் வரும். காயை மட்டும் கிள்ளுங்கள், காம்பைப் பிய்க்காதீர்கள்.

மிளகாய்: முழு அளவுக்கு வந்து கெட்டியான எந்த நாளிலும் பச்சையாகப் பறிக்கலாம். பழுக்க விட்டால் நிறமும் மணமும் கூடும், ஆனால் புதுப் பூ குறையும். செடியில் பாதியைப் பச்சையாக எடுத்துக்கொண்டு மீதியைப் பழுக்க விடுவது நல்ல ஏற்பாடு.

தண்டும் இலையுமாக அறுக்கும் கீரைகள்: தரையிலிருந்து சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர் அடித்தண்டை இலைக்கணுக்களோடு விட்டு அறுத்தால் மறுபடி தழையும். முளைக்கீரைபோல் வேரோடு பிடுங்குவதை விதைத்த 25 முதல் 30 நாளில் பிடுங்கிவிடலாம். பூங்கொத்து எட்டிப் பார்த்ததும் இலையின் ருசி போய்விடும்.

தர்பூசணி: காய்க் காம்புக்கு அருகில் உள்ள பற்றுக்கம்பி, அதாவது கொடி பற்றிக்கொள்ளும் சுருள் நூல், காய்ந்து பழுப்பாக வேண்டும், தரையில் பட்டிருந்த பகுதி வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாற வேண்டும். இவை இரண்டும் சேர்ந்திருந்தால் பறியுங்கள். தட்டிக் கேட்கும் ஓசையை மட்டும் நம்பிப் பறித்தால் ஏமாறுவதுதான் அதிகம், பறித்த பிறகு அது இனிக்காது. வலைத்தோல் முலாம்பழம் பழுத்தால் தானே காம்பை விடும். மெல்லத் தள்ளினாலே கழன்று வரும்.

மக்காச்சோளம்: பட்டு நூல் வெளியே வந்த மூன்றாவது வாரத்தில் நூல் பழுப்பாகிக் காயும். உறையைச் சற்று விலக்கி ஒரு மணியை நகத்தால் குத்துங்கள். பால் போல் வந்தால் இன்றே. நீராக வந்தால் இன்னும் சில நாள். மாவாக வந்தால் தாமதம்.

பூசணி: நகம் இறங்காத அளவு தோல் கெட்டிப்பட்டு, காம்பு தக்கைபோல் காய வேண்டும். 5 சென்டிமீட்டராவது காம்பு விட்டு அறுங்கள். காம்பு ஒடிந்த பூசணி மாதக்கணக்கில் நிற்காது.

வெங்காயம்: தாள்களில் பாதிக்கு மேல் தாமாகச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் கழித்துப் பிடுங்கி, காற்றோட்டமான நிழலில் கழுத்து முழுதும் காயும் வரை இரண்டு மூன்று வாரம் பரப்பி வையுங்கள்.

கையால் பறிக்கலாமா, கத்தரிக்கோல் வேண்டுமா?

தக்காளியையும் பீன்ஸையும் கையால் எடுக்கலாம். கத்தரி, வெண்டை, மிளகாய், வெள்ளரி, சுரை எல்லாவற்றுக்கும் சிறு கத்தரிக்கோல் நல்லது. இழுத்துப் பறித்தால் காயோடு கிளையும் வரும். கொடியாக இருந்தால் வேரே ஆடிப்போகும். நோய் பட்ட செடியில் பயன்படுத்தியபின் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

தக்காளி பூக்கிறது, காய்க்கவில்லை. ஏன்?

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். பூ காம்புக்கணுவில் மஞ்சளாகி உதிரும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. தழைச்சத்து கூடினால் இன்னும் மோசமாகும். நிழல்வலையும் மூடாக்கும் தடையில்லாத ஈரமும் கொடுத்துச் செடியை உயிரோடு வைத்திருங்கள். வெப்பம் தணிந்ததும் அடுத்த பூக்கொத்து பிடிக்கும். விடிகாலையில் பூக்கொத்தை விரலால் சுண்டிவிடுவது, காற்றே இல்லாத இடங்களில் உதவும். சிறு பழ ரகங்கள் பெரிய பழ ரகங்களைவிட வெப்பத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகின்றன.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறது. நோயா?

நோயல்ல, தொற்றாது. வளரும் காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். ஒரு நாள் காய்ச்சல், மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் மாறி மாறிக் கிடைப்பதால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் மாதக்கணக்கில்தான் மட்கும், இந்தப் பருவக் காய்க்கு உதவாது. கறுத்த காயைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள். அடுத்த அடுக்குக் காய்கள் நன்றாக வரும்.

பழம் வெடிப்பதற்கும் அதே ஒழுங்கின்மைதான் காரணம்: வறண்டு கிடந்தபின் திடீரென்று நிறையத் தண்ணீர். பெரிய மழை வருகிறது என்று தெரிந்தால் நிறம் மாறத் தொடங்கியதை முன்பே பறித்துவிடுங்கள். வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெள்ளையாக, காகிதம்போல் தழும்பு விழுந்தால் அது வெயில் காயம். காற்றோட்டத்துக்கு என்று இலைகளை மிகையாகக் கிள்ளியவர்களின் செடியில்தான் இது அதிகம்.

காய் பெரிதாகிவிட்டது, ஆனால் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறது?

30 டிகிரிக்கு மேல் தக்காளியின் சிவப்பு நிறமி சரியாக உருவாவதில்லை. அடியில் இளஞ்சிவப்புக் கீற்று தெரிந்ததும் பறித்து, வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் ஒற்றை அடுக்காக வையுங்கள். 20 முதல் 25 டிகிரியில் சில நாளில் அழகாகச் சிவக்கும். சுவை பெரிதாகக் குறையாது. பறவைக்கும் வெடிப்புக்கும் தப்பிக்கும்.

கொடியில் பிஞ்சு விடுகிறது, இரண்டு நாளில் மஞ்சளாகி உதிர்கிறது. என்ன செய்வது?

மகரந்தம் சேரவில்லை. சுரை, பூசணி, பீர்க்கு, பாகல் எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதல் ஓரிரு வாரம் பெரும்பாலும் ஆண் பூக்கள் மட்டுமே வரும், அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. அன்று விரிந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் சுற்றிலும் பதமாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூவால் இரண்டு பெண் பூக்களுக்குச் செய்யலாம்.

நேரம்தான் பலரும் தவறவிடுவது. பூசணி, வெள்ளரி, பாகல் விடிகாலையில் விரியும். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும். காலையில் போய் வாடிய சுரைப்பூவைத் தடவிப் பயனில்லை.

சுரைக்காய், வெள்ளரி கசக்கிறது. சாப்பிடலாமா?

கசக்கும் சுரை, சுக்கினி, பீர்க்கு, பூசணியைச் சாப்பிடவே கூடாது. அந்தக் கசப்புப் பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் சமயங்களில் இரத்தப்போக்கு வரை கொண்டுபோகும், சமைத்தாலும் அழியாது. சமைப்பதற்கு முன் காம்பு முனையில் சிறு துண்டு நறுக்கி நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயையும் எறியுங்கள். சாறாக அரைத்துக் குடிப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கொடியின் காய்கள் தொடர்ந்து கசந்தால் கொடியையே பிடுங்கிவிடுங்கள், அதிலிருந்து விதை எடுக்காதீர்கள்.

வெள்ளரியில் லேசான கசப்பு பெரும்பாலும் தண்ணீர்க் குறைவாலும் வெப்பத்தாலும் வருவது. காம்பு முனையையும் தோலையும் நீக்கினால் போய்விடும். போகாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள்.

கோடையில் எந்தப் பூச்சிகளைத் தேட வேண்டும்?

காய்ந்த வெப்பத்தில் முதலில் பெருகுவது செம்பேன். இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் தெரியும். இதற்கு முதல் மருந்து தண்ணீர்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கம் அழுத்தமாகப் பீய்ச்சுங்கள். அசுவினியும் இதிலேயே பாதி போய்விடும்.

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன்; கீழ்நோக்கிக் கவிழ்ந்து நீண்டால் சிலந்தி இனப் பேன். மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுங்கள். எறும்பு வரிசையையும் தடுக்க வேண்டும், எறும்புதான் அதைக் காவல் காக்கிறது.

கத்தரியில் கொழுந்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. துளைக்கு இரு விரல் கீழே நறுக்கி நசுக்கிவிடுங்கள். அதைப் பாத்தியோரம் போட்டால் புழு கூடு கட்டி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். பழ ஈ தாக்கும் பாகல், பீர்க்கு, வெள்ளரிக்கு நம்பகமான வழி, மகரந்தம் சேர்ந்த இரண்டு மூன்று நாளில் பிஞ்சைக் காகித உறைக்குள் மூடிவிடுவது. தரையில் விழுந்த புழுக்காயை அன்றன்றே எடுத்து, கட்டிய பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். உரக்குழியில் நேரே போட்டால் ஈக்குப் பண்ணை வைத்தது போலாகும்.

வேப்பெண்ணெய் தெளித்தேன், இலை கருகிவிட்டது. எங்கே தவறு?

மூன்று இடங்களில் பாருங்கள். அளவு: லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 மில்லி போதும். கலக்கிய முறை: எண்ணெயை முதலில் 1 முதல் 2 மில்லி திரவ சோப்போடு குழைத்து, பிறகுதான் தண்ணீரில் விட வேண்டும், நேரே விட்டால் எண்ணெய் மிதந்து ஏதாவது ஓர் இலையின் மேல் மொத்தமாக விழும். நேரம்: வெயில் சாய்ந்த பின்தான். 32 டிகிரிக்கு மேல் உள்ள நாளிலும், தண்ணீர் இல்லாமல் வாடிய செடியிலும் தெளிக்கக் கூடாது. முதலில் ஓரிலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூவின் மேல் தெளித்தால் தேனீயையும் சேர்த்து விரட்டுவீர்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

உரம் எப்போது?

காய்ப்பில் உள்ள செடிக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ, மூடாக்கை விலக்கி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. திரவ உரத்தைப் பத்து மடங்கு நீர்த்து, ஏற்கெனவே நனைந்த மண்ணில் ஊற்றுங்கள். வறண்ட வேரில் எந்த உரமும் சுடும். வெப்ப அலை வீசும் வாரத்தில் உரமே வேண்டாம்.

களை, கட்டு, கவாத்து?

களையை இரண்டு இலைப் பருவத்தில் காலையில் கொத்திவிட்டால் மதிய வெயிலே கொன்றுவிடும். தக்காளியைத் துணிக் கீற்றால் கம்போடு எட்டு வடிவில் கட்டுங்கள். தண்டு பருக்க இடம் இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை அடியிலைகளை நீக்குங்கள், மண் தெறித்து நோய் ஏறாது. அதற்கு மேல் உள்ள இலைகளைக் கோடையில் விட்டு வையுங்கள். காய்க்கு அவைதான் குடை.

கோடையிலும் விதைக்கலாமா?

வெண்டை, காராமணி, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை ஆகியவை வெப்பத்தில் மகிழ்ச்சியாக முளைக்கும். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். இரண்டு மூன்று வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் அறுவடை ஒரே நாளில் குவியாது. லெட்யூஸ் விதை 30 டிகிரிக்கு மேல் உறங்கிவிடும். கொத்தமல்லி முளைத்தாலும் சீக்கிரம் பூவுக்கு ஓடும், நிழலில் முயலுங்கள். முளைக்கும் வரை மேல்மண் ஒரு நாளும் காயக் கூடாது. ஈரச் சாக்கை விரித்து, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

ஒரு வாரம் வெளியூர் போக வேண்டும். தோட்டத்தை என்ன செய்வது?

கிளம்பும் நாளில் பறிக்கக்கூடியதையெல்லாம், விரல் அளவுப் பிஞ்சு உட்பட, பறித்துவிடுங்கள். கருணை காட்டி விட்ட பிஞ்சு நீங்கள் திரும்பும்போது முற்றிச் செடியை நிறுத்தியிருக்கும். முந்தைய நாள் ஆழமாக நீர் பாய்ச்சி, மூடாக்கை இரண்டு விரல் கூடுதலாக்குங்கள். தொட்டிகளை நிழலில் நெருக்கி வையுங்கள். சொட்டுநீருக்கு நேரக்கருவி பொருத்துவதாக இருந்தால் மூன்று நாள் முன்பே ஓடவிட்டு ஒவ்வொரு துளையும் சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைத்துக்கொண்ட ஒரு துளையால் ஒரு செடி போகும். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போனால், தண்ணீர் ஊற்றுவதோடு வெண்டையையும் வெள்ளரியையும் பறித்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

பறித்ததை எப்படி வைப்பது?

வெயில் ஏறும் முன் பறித்து உடனே நிழலுக்குக் கொண்டுவருவதே பாதி வேலை. மதியம் பறித்த கீரை காய்க்கூடைக்குள்ளேயே வெந்துவிடும். கீரையைக் குளிர்ந்த நீரில் அலசி, நீர் வடித்து, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெண்டையைக் கழுவாமல் வையுங்கள், ஈரம் பட்டால் கொழகொழத்துக் கறுக்கும். தக்காளி வெளியில்தான் இருக்க வேண்டும். வெள்ளரி, கத்தரி, வெண்டை ஆகியவற்றைக் குளிர்பெட்டியில் வைத்தால் குளிர் குறைந்த பகுதியில் வைத்து இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள். கடுங்குளிரில் தோலில் குழி விழும். வெள்ளரியைப் பழுத்த தக்காளியோடும் முலாம்பழத்தோடும் சேர்த்து வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகும்.

விதைக்கு எந்தக் காயை விடுவது?

நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் செடியில் நல்ல வடிவுள்ள ஒன்றிரண்டு காய்களில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். கட்டாத எதையும் முற்ற விடாதீர்கள். அறுவடையை நிறுத்தப்போகும் செடியில் விட்டால் காய்ப்பும் குறையாது. கலப்பின ரகத்து விதை தாய்ச்செடி போலவே வராது.

காய்த்து ஓய்ந்த செடியை எப்போது பிடுங்குவது?

வாரம் முழுதும் ஒழுங்காகத் தண்ணீர் கொடுத்தும் புதுக் கொழுந்தும் பூவும் வரவில்லை என்றால் பிடுங்கலாம். கத்தரிக்கு மட்டும் அவசரம் வேண்டாம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பச்சைக் கணுக்களை விட்டு வெட்டி, உரம் வைத்து நீர் பாய்ச்சினால் சில வாரங்களில் புதுக் கிளை விட்டு மறுபடி காய்க்கும். பீன்ஸ், காராமணியை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுங்கள். தழைச்சத்தைச் சேர்க்கும் சிறு முண்டுகள் உள்ள அந்த வேர் மண்ணிலேயே மட்கட்டும். பிடுங்கிய செடியின் வேரில் வீங்கிய முடிச்சுகள் மாலைபோல் கோத்திருந்தால் அது நூற்புழு. அந்த வேரை உரக்குழியில் போடாமல் காயவைத்து எரித்துவிட்டு, பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் ஓரங்களை மண்ணில் புதைத்து மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் கடும் வெயிலில் விடுங்கள். அதன்பின் அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை வேண்டாம், வெங்காயம் போடுங்கள்.